யாருக்கு ஏற்ற மீன்?

உளுவை இனத்தைச் சேர்ந்த மஞ்சள் நிறச் சிறுமீன் ஒன்று கடல்நீர்த் தொட்டி வளர்ப்போரிடையே பெரிதும் விரும்பப்படுகிறது. கோபியோடான் சிட்ரினஸ் என்பது அதன் அறிவியற்பெயர். முழு வளர்ச்சியிலும் 7 சென்டிமீட்டரைத் தாண்டாது. பிற மீன்களைத் துன்புறுத்தாது. சிறிய தொட்டியே போதும். ஆகவே அதனைத் ‘தொட்டிக்கு ஏற்ற மீன்’ என்கிறார்கள். மொழியியல் பயின்ற எனக்கு இத்தொடர் ஒருபக்கமாகவே படுகிறது. ‘ஏற்ற’ என்னும் சொல் நான்காம் வேற்றுமையை அவாவி நிற்பது. மீன் தொட்டிக்கு ஏற்றது என்றால், தொட்டி மீனுக்கு ஏற்றதா என்ற மறுவினாவும் உடன் எழ வேண்டும்.

இவ்வுளுவையின் இல்லம் மான்கொம்புப் பவளத்தின் கிளையிடுக்கு. பவளத்தின் உயிர்த்தசையைச் சிறிது கொறித்து நீக்கி, அவ்விடத்தில் முட்டையிடும். கடலில் பரந்து வளர்ந்த பவளத்துக்கு அது பொருட்டன்று. தொட்டியிலுள்ள சிறு துண்டுக்கோ பேரிழப்பு. இதே பேரினத்தின் இன்னொரு மீனைப் பற்றி, ஃபிஜித் தீவில் நடந்த ஆய்வொன்று 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நச்சுப்பாசி தீண்டியதும் பவளம் ஒரு வேதிக்குறிப்பை வெளியிடுகிறது. சில நிமிடங்களில் உளுவை வந்து பாசியைக் கத்தரிக்கிறது. அழைப்பும் மறுமொழியும் அமைந்த இவ்வுறவு கண்ணாடிச் சுவருக்குள் பெயர்த்து வைக்கத்தக்கதன்று.

நம் நாட்டில் பாறைப்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடிப்பதும் குற்றமே. ஆகவே வீட்டை விட்டுவிட்டுக் குடியிருப்பவரை மட்டும் விற்கிறது சந்தை.

பாலக்காட்டு எல்லைச் சிற்றூர்களிலும் மூணாறு, பீருமேடு தோட்டங்களிலும் வாழும் நமக்குக் கடல் தொலைவுதான். ஆயினும் இக்கதை நாம் அறியாததன்று. இடுக்கியை ஒட்டிய முண்டக்கயத்திலிருந்து 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த ஆற்றுமீனை, மலையாளத்தில் ‘சோரக்கண்ணி’ என்பர். குருதிக்கண்ணி என்று பொருள். 1997இல் சிங்கப்பூர் அலங்காரமீன் கண்காட்சியில் பரிசு பெற்றபின், ‘மிஸ் கேரளா’ என்ற வணிகப்பெயரில் அது உலகெங்கும் சென்றது. கேரள அரசு 2008இல் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் பிடிக்கத் தடைசெய்த மாதங்கள் மீனின் இனப்பெருக்கப் பருவத்தோடு பெரும்பாலும் பொருந்தவில்லை என்று பின்வந்த ஆய்வு காட்டியது. 2010இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் அது அருகிவரும் இனமாயிற்று. ஊர்ப்பெயர் மீனின் கண்ணைச் சொன்னது. சந்தைப்பெயர் வாங்குபவரின் கண்ணுக்காக இடப்பட்டது.

மீன்வளர்ப்பையே கைவிடுக என்பது என் வாதமன்று. உயிரியல் மாணவர் பலரின் முதல் ஆய்வகம் வீட்டுத் தொட்டிதான். அலங்காரமீன் தொழிலை நம்பிப் பிழைக்கும் கரையோரக் குடும்பங்களும் உள்ளன. மாற்றுவழியும் உண்டு. அட்லாண்டிக்கின் நியான் உளுவை பல பத்தாண்டுகளாகப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளிமீன்களைக் குஞ்சுபொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை இங்கேயே உருவாக்கித் தந்துள்ளது.

எனவே விற்பனைத் தொட்டியின் மேல் விலையோடு இன்னொரு சொல்லும் எழுதப்பட வேண்டும்: பண்ணையில் பிறந்ததா, பாரில் பிடித்ததா? கல்லூரி ஆய்வகங்களுக்கு மீன் வாங்கும் நாமே இக்கேள்வியை முதலில் கேட்கலாம். விடை சொல்ல இயலாத கடையில் வாங்காமல் திரும்பவும் செய்யலாம்.