திறக்காத ஃபைலும் பத்து டன் தண்ணீரும்

ராத்திரி பத்தரை மணிக்கு மேல் போன் வந்தால், நம் வீடுகளில் முதலில் நெஞ்சு படபடக்கும்; அப்புறம்தான் கை போனைத் தேடும். போன வாரம் அப்படி அழைத்தது அண்ணன் மகள்.

"சித்தப்பா, தூங்கிட்டீங்களா? என் ஃபைல் போயிடுச்சு."

அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. சிவில் படித்துவிட்டு, கட்டட வடிவமைப்பு செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தரைத்தளமும் மூன்று மாடியுமாக ஓர் அடுக்ககம். அதன் கணக்கு முழுவதையும் ஈடாப்ஸ் என்ற மென்பொருளில் மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய சீனியர் சரிபார்த்ததும் அஸ்திவார வரைபடம் சைட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி ஒன்பதேகாலுக்கு சேவ் கொடுத்திருக்கிறாள். அந்த நொடி கரன்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறதாம். சார்ஜர் ஒயரில்தான் உயிர். கரன்ட் வந்து திறந்து பார்த்தால், ஃபைல் திறக்கவில்லை.

ஈடாப்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு கட்டடத்தின் எலும்புக்கூட்டை (தூண், பீம், தளம், சுவர்) கம்ப்யூட்டரில் நிற்க வைத்து, அதன் மேல் மனிதர்கள், சாமான்கள், காற்று, நிலநடுக்கம் எல்லாவற்றையும் கணக்காக ஏற்றி, எந்தத் தூண் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருள். துபாயின் புர்ஜ் கலிஃபாவுக்கும் இதில் கணக்கு போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துத் தெரு அடுக்ககத்துக்கும் போடுகிறார்கள்.

நான் பொறியாளர் இல்லை. ஆனால், இப்படிப்பட்ட அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பல வருடம் பராமரித்தவன். அதனால் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"முதல்லேருந்து போட ஆரம்பிச்சிருக்கேன். அந்த ஃபைல்தான் போயிடுச்சே, அதே பேர்ல அதே இடத்துல சேவ் பண்ணிடலாம்னு…"

"பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மௌஸ்லேருந்து கைய எடும்மா."

ஃபைல் கெட்டுப்போவது பாதி விபத்து என்றால், மீதிப் பாதி அதற்கப்புறம் பதற்றத்தில் நாம் செய்வது. ஈடாப்ஸ் ஒவ்வொரு முறை சேவ் ஆகும்போதும், மூல ஃபைலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு சின்ன ஃபைலையும் எழுதி வைக்கிறது. பெயருக்குப் பின்னால் புள்ளி, டாலர் குறி, இ, டி என்று முடியும். கட்டடம் முழுவதும் அதில் வெறும் எழுத்தாக இருக்கும்: எந்தப் புள்ளியில் தூண், என்ன அளவு பீம், எந்தத் தளத்தில் எவ்வளவு எடை என்று வரிவரியாக. அவள் மட்டும் அரைகுறைப் புது மாடலை அதே பெயரில் சேவ் செய்திருந்தால், அந்தச் சின்ன ஃபைலின் மேலேயே இது எழுதப்பட்டிருக்கும். கரன்ட் விட்டுவைத்ததை அவளே அழித்திருப்பாள்.

முதல் வேலையாக, அந்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்கச் சொன்னேன். இனி எந்தச் சோதனையும் நகலில்தான். அடுத்து, விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் பகுதி தெரியும்படி, வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தாள். பலருக்கு இது மறைந்தே இருப்பதால், ஒரே பெயரில் நாலு ஃபைல் இருந்தால் எது எது என்று தெரியாது.

"இருக்கு சித்தப்பா! டாலர் போட்டு ஒண்ணு இருக்கு. 6.52-ன்னு நேரம் காட்டுது."

அளவு பூஜ்ஜியமாக இல்லை. நோட்பேடில் திறந்தால் படிக்கும்படியான வரிகள் இருந்தன. கட்டங்கட்டமாகக் குப்பை எழுத்து எதுவும் இல்லை. நல்ல சகுனம்தான். நகலின் வாலை இ2கே என்று மாற்றி, ஈடாப்ஸின் ஃபைல் மெனுவில் இம்போர்ட் என்பதற்குள் போய் அதைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கூச்சல். அண்ணி அடுத்த அறையிலிருந்து "என்னடி?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

இப்படி எடுக்கும்போது கட்டடம் வரும், கணக்கின் விடைகள் வராது. அனாலிசிஸை மறுபடி ஓட்ட வேண்டும். புதுப் பெயரில் சேவ் செய்து ஓட்டினாள். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் முடிந்தது.

"அப்பாடா. எடுத்து சாருக்கு மெயில் போட்டுடறேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஃபைல் திறப்பது வேறு, அதற்குள் இருப்பது சரியாக இருப்பது வேறு. கல்யாணப் பத்திரிகை ஃபைல் என்றால் ஒரு வரி விடுபட்டால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். இது மூன்று மாடி.

"அந்த ஃபைல் 6.52-க்கு எழுதினது. கரன்ட் போனது ஒன்பதேகாலுக்கு. நடுவுல என்ன பண்ணின?"

"டீ குடிச்சேன்… படிக்கட்டுல லைவ் லோடு மூணு போட்டிருக்கான்னு பார்த்தேன்…" நம் ஐ.எஸ். 875 விதிப்படி, வீட்டு அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, படிக்கட்டுக்கு 3. அது சரியாகவே இருந்தது. அப்புறம் கொஞ்சம் மௌனம்.

"ஐயோ. டேங்க்."

மொட்டை மாடியில், படிக்கட்டு அறைக்கு மேலே 10,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் மட்டுமே பத்து டன். கான்கிரீட் சுவரின் எடை தனி. அந்த எடையை ஏழரை மணிக்கு மேல்தான் ஏற்றியிருக்கிறாள். மீட்டெடுத்த மாடலில் தொட்டி இல்லை. ஆனாலும் கணக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. இல்லாத எடையைப் பற்றி மென்பொருள் ஏன் கேட்கப்போகிறது? அந்த நாலு தூணின் அஸ்திவாரம் மட்டும் பத்து டன்னை மறந்த அளவில் சைட்டுக்குப் போயிருக்கும்.

நல்லவேளை, மாற்றங்களை ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் அவளுக்கு உண்டு. ஒவ்வொரு வரியாகப் படித்து மாடலோடு ஒப்பிட்டோம். தொட்டியைத் தவிர, இரண்டு பீமின் அளவும் பழையதாகவே இருந்தது. எல்லாம் சேர்த்து மறுபடி ஓட்டி, கட்டடத்தின் மொத்த எடையைக் கையால் போட்ட தோராயக் கணக்கோடு ஒப்பிட்டு முடித்தபோது மணி ஒன்றரை.

ஆட்டோகேட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். சேவ் செய்யும்போது, முந்தைய வடிவத்தை அதே ஃபோல்டரில் பி.ஏ.கே. என்ற வாலோடு வைத்திருக்கும். அதை நகலெடுத்து, வாலை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் திறக்கும். கெட்ட ஃபைலையே சரிசெய்ய 'ரெகவர்' என்ற கட்டளை இருக்கிறது. தானாகச் சேமித்த நகல் டெம்ப் ஃபோல்டரில் எஸ், வி, டாலர் என்ற வாலோடு கிடக்கும். ஆனால், வரைபடத்தை ஒழுங்காக மூடினால் அது அழிந்துவிடும். ஸ்டாட் புரோ இன்னும் சுலபம்: அதன் மூல ஃபைலே எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்து, கெட்ட வரியைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம்.

இன்டர்நெட்டில் 'எந்த ஃபைலையும் ரிப்பேர் செய்து தருகிறோம்' என்று பணம் கேட்பவர்கள் பக்கம், இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை போகாதீர்கள். இன்னொருவரின் வீட்டு வரைபடத்தை முகம் தெரியாதவரிடம் கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். மூல ஃபைலை பென் டிரைவிலிருந்தே திறந்து வேலை செய்வதும் வேண்டாம். பாதி சேவில் பிடுங்கினால், கரன்ட் போனதற்குச் சமம்.

மறுநாள் மத்தியானம் அவளே அழைத்தாள். சார் பார்த்துவிட்டாராம். அஸ்திவாரத்தில் ஒன்றை மட்டும் பெரிதாக்கச் சொன்னாராம், தொட்டிக்குக் கீழே இருப்பதைத்தான்.

"பேட்டரி?" என்றேன்.

"ஆர்டர் போட்டாச்சு சித்தப்பா. அப்பாதான் காசு கொடுத்தார். நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன்."