மேகத்துக்கு மேலே தெரிந்த வெளிச்சம்

நம் ஆய்வகத்தில் கூட்டு ஊசலை ஆட்டிவிட்டு, ஈர்ப்பு முடுக்கம் 9.8 தவிர வேறு ஏதேனும் என்று ரெக்கார்டில் எழுதிய மாணவர் எவரேனும் உண்டா? எனக்கு 9.4 வந்தது. பக்கத்து மேசை நண்பனுக்கு 10.3. இருவரும் ரப்பரை எடுத்தோம். சற்று நேரத்தில் இருவருக்கும் அழகாக 9.8 வந்துவிட்டது, கையெழுத்தும் கிடைத்துவிட்டது. அதை எண்ணி நான் வெட்கப்படத் தொடங்கியது, இடிமேகங்களுக்கு மேலே தோன்றும் ஒரு சிவப்பு ஒளியைப் பற்றிப் படித்த பிறகுதான்.

மின்னல் என்றால் மேகத்திலிருந்து தரைக்குப் பாயும், அல்லது மேகத்துக்குள்ளேயே ஓடும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் பெரிய இடிமேகம் ஒன்று தரைக்கு வலிய மின்னலை இறக்கியவுடன், அதற்கு வெகு உயரே, 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், செந்நிற ஒளி ஒன்று பூப்பதுண்டு. ஜெல்லி மீனைப் போலத் தலை விரிந்து, கீழே இழைகள் தொங்கும். கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். அந்தச் சிவப்பைத் தருவது நாம் மூச்சில் இழுக்கும் அதே நைட்ரஜன்தான். ஸ்பிரைட் என்பது இதன் பெயர்; குறும்புத் தேவதை என்று பொருள் கொள்ளலாம்.

இது எதிர்பாராத அதிசயமும் அன்று. முகில் கூடத்தை அமைத்து 1927இல் நோபல் பரிசு பெற்ற சி.டி.ஆர். வில்சன், 1925இலேயே இதற்குக் காரணம் கூறிவிட்டார். உயரே போகப்போக மேகத்தின் மின்புலம் குறைகிறது. ஆனால் காற்று அதைவிட விரைவாக மெலிகிறது. ஆகவே ஏதோ ஓர் உயரத்தில், மெலிந்த காற்று அந்த மின்புலத்தைத் தாங்கமாட்டாமல் ஒளிவிட்டே தீர வேண்டும்!

பார்த்தவர்களும் இருந்தார்கள். மேகத்திலிருந்து வாணம்போல் மேலெழுந்த ஒளியைப் பற்றி 1886இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு வெளிவந்தது. பின்னர், இரவில் பறந்த விமானிகள் பார்த்தார்கள். சொன்னால் கேலி செய்வார்கள் என்று பலர் வாயை மூடிக்கொண்டார்கள். பெர்னார்டு வானெகட் போன்ற ஒரு சில அறிஞர்களே அவர்கள் சொல்லைத் தேடிச் சேகரித்தனர்.

1989 ஜூலையில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் விங்க்ளரும் அவர் துணைவர்களும், ராக்கெட் ஆய்வுக்காக ஒரு நுண்ணொளிக் காமிராவைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் ஒரு புயல்மழை. ஒளிநாடாவில் ஒரு கணம் மட்டும் இரண்டு ஒளித்தூண்கள் விழுந்திருந்தன. காமிராக் கோளாறு என்று அழித்துவிட்டுப் போவதற்கு எத்தனை வசதியான சந்தர்ப்பம்! அவர்கள் அழிக்கவில்லை, மறு ஆண்டே வெளியிட்டார்கள். பிறகு விண்வெளி ஓடங்களில் எடுத்திருந்த ஒளிநாடாக்களைத் தேடியபோது அவற்றிலும் இவை கிடைத்தன.

தவறான அளவீட்டுக்கும் மதிப்பெண் போடச் சொல்கிறாயா என்று என் பேராசிரியர்கள் கேட்கலாம். எங்கள் கல்லூரிக்கென்று தனியாக ஓர் ஈர்ப்பு விசை இல்லை என்பது எனக்கும் தெரியும். 9.4 தவறுதான். ஆனால் என்ன தவறு? கத்திமுனை சரிந்திருந்ததா? 50 அலைவு என்று எண்ணி 51ஐ விட்டுவிட்டேனா? இன்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை நானே ரப்பரால் தேய்த்துவிட்டேன். விமானிகள் கேலிக்கு அஞ்சினார்கள். நாங்கள் ‘ரிப்பீட்’ என்ற சிவப்பு மைக்கு அஞ்சினோம்.

நான் கேட்பது சிறிய சலுகைதான். ரெக்கார்டு நோட்டில் கோடு போடாத இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. வந்த அளவை வந்தபடியே அங்கே எழுத விடுங்கள். அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். நண்பர்களே, ஐப்பசியில் அடிவானத்தில் மின்னல் வெட்டும் இரவில், தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தால், விடுதி மொட்டை மாடிக்கு வாருங்கள். மேகத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே இருட்டாய்க் கிடக்கும் வெளியைப் பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.