முள் பொய் சொல்லலாமா?

"மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி?"

தஞ்சை ஜில்லாவில் பத்திரிகையைப் பிரித்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. அணை 1934-ல் கட்டி முடிந்தது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. எங்கோ சேலம் ஜில்லாவில் இருக்கிறது. ஆனால் அந்த அளவை நம்பித்தான் இங்கே நாற்று விடுவதா, பொறுப்பதா என்று முடிவு செய்கிறார்கள். அளவு தப்பாக வந்தால் குறுவை என்ன ஆகும்?

அளவின் அருமை தெரிந்த ஊர் இது. ஆனாலும் பழைய மோட்டார் காருக்குள் இருக்கும் அளவு முள்ளை மட்டும் யாரும் மதிப்பதில்லை. ஏன்?

என் மாமாவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அவருடைய தகப்பனார் காலத்து வண்டி. மூன்று வருஷத்துக்கு முன் அதற்கு டிங்கரிங் செய்தார். பெயின்ட் அடித்தார். மெத்தை புதிதாகத் தைத்தார். வண்டி மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அந்தக் காரில் புறப்பட்டோம். என் தாயாரும் கூட வந்தார். வடுவூரைத் தாண்டினோம். திடீரென்று முன்பக்கம் ஆவி கிளம்பியது. இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி! வண்டி நின்றுவிட்டது.

நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். ஹீட் மீட்டரின் முள் 'குளிர்' என்ற இடத்திலேயே இருந்தது.

"அது ரொம்ப நாளா அப்படித்தான் படுத்துக் கிடக்கு, தம்பி" என்றார் டிரைவர்.

பேன் பெல்ட் அறுந்திருந்தது. பழைய கார்களில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும், மின்சாரம் உண்டாக்கும் டைனமோவைச் சுற்றுவதும் அந்த ஒரே பெல்ட்தான். அது அறுந்ததுமே சார்ஜ் மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஹீட் முள் ஏறியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் இருந்தும் இரண்டும் ஊமை! எஞ்சின் ஹெட்டின் கேஸ்கெட் போய்விட்டது. முகூர்த்தம் எங்களுக்குத் தவறிவிட்டது. செலவு எவ்வளவு என்று எழுதினால் மாமா என்னோடு பேசமாட்டார்.

கட்டரால் வந்த வினை

பிறகு விசாரித்தேன். பெயின்ட் அடிப்பதற்காக டேஷ்போர்டைக் கழற்றிய பட்டறையில், மீட்டரின் பின்னால் ஒரு மெல்லிய செப்புக் கம்பி வந்ததாம். 'வயர்தானே, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்' என்று வெட்டிவிட்டார்கள்.

அது வயர் இல்லை. குழாய்!

பழைய பல கார்களில் ஹீட் மீட்டருக்கு மின்சாரமே கிடையாது. எஞ்சின் தண்ணீரில் ஒரு சிறு உலோகக் குமிழ் மூழ்கியிருக்கும். அதற்குள் ஈதர் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். தண்ணீர் சூடானால் திரவம் ஆவியாகிக் குழாய் வழியே மீட்டரை அழுத்தும். மீட்டருக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். திருவிழாக் கடையில் குழந்தைகள் ஊதினால் சுருள் பிரிந்து நீளுமே, ஓர் ஊதல்? அதே சங்கதிதான். இதைக் கண்டுபிடித்தவர் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1849-ல் உரிமை பெற்றார்.

அந்தக் குழாயை வெட்டினால் ஈதர் பறந்துவிடும். முள் படுத்துவிடும். முறையாகக் கழற்றுவது எப்படி? முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுக்க வேண்டும். பிறகு குழாய் முறுக்கிக்கொள்ளாமல் குமிழைக் கழற்றி, மீட்டரோடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். ஒருநாள் வேலை. கட்டரால் வெட்டுவது ஒரு நொடி வேலை. அதனால்தான் வெட்டுகிறார்கள்!

எலிக்கும் பங்கு உண்டு

முள் செத்தால் மீட்டரும் செத்தது என்று எண்ணக் கூடாது. நெல் விளையும் ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்தால் வயல் எலி வைக்கோலைத் தேடி வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கார் கொட்டகை இருந்தால் கேட்க வேண்டுமா? வயரைக் கடித்துத் துண்டாக்கிவிடும். பல கார்களில் கெட்டது மீட்டர் அல்ல. கடிபட்ட வயர், அல்லது துருவேறிய எர்த். உப்புக் காகிதத்தால் எர்த்தைத் தேய்த்ததும் பெட்ரோல் முள் எழுந்து நின்ற வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ஆகையால் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் வயரைப் பாருங்கள்.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். இது முக்கியம்! பழைய சார்ஜ் மீட்டர் வழியாக வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் நேராகப் பாயும். ஸ்பானர் தவறிப் பட்டால் டேஷ்போர்டே எரியும். பிறகு செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரிலும் ஒரு வண்ண நூல் கட்டுங்கள். ஆயில் மீட்டரையும் கவனியுங்கள். சில வண்டிகளில் எஞ்சின் ஆயிலே ஒரு சிறு குழாய் வழியாக அதற்குள் வருகிறது. இணைப்பு சரியில்லாவிட்டால் டிரைவரின் கால் மேல் சூடான ஆயில் கொட்டும்.

மீட்டரைத் திறந்தபின் துணியால் துடைக்காதீர்கள். எழுத்து துணியோடு வந்துவிடும்! மெல்லிய தூரிகை போதும். இந்த வேலைக்கு மோட்டார் மெக்கானிக்கை விடக் கடிகாரம் ரிப்பேர் செய்பவரே நல்லவர் என்பது என் கட்சி. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பழைய கடிகாரக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சாவி கொடுக்கும் கடிகாரம் குறைந்துபோனதால், அவர்கள் கைக்கு வேலை குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. 1920, 1930-களில் செய்த சில மீட்டர்களில் இருட்டில் ஒளிவீச ரேடியம் பூசினார்கள். இது நம்பர் பிளேட்டில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்' அல்ல, நிஜ ரேடியம். அதைச் சுரண்டவே கூடாது. அந்தப் பொடி உடம்புக்குள் போனால் ஆபத்து. அமெரிக்காவில் அதைப் பூசும் வேலை செய்த பெண்கள் பலர் அதனால் மாண்டார்கள்.

"வருஷத்தில் நாலு கல்யாணத்துக்குப் போகிற வண்டி. இதற்கு முள் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகிறது? நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடையாய் நடக்கிறது. ரேடியேட்டரில் காற்றுப் படுவதில்லை. எஞ்சின் அதிகம் கொதிப்பது அப்போதுதான்! ஹீட் முள் வேறு எந்த வண்டியை விடவும் கல்யாண வண்டிக்குத்தான் அவசியம்.

பழைய மீட்டரை எறிந்துவிட்டு, எண் மினுக்கும் புது மீட்டரை வைப்பவர்களும் உண்டு. மினுக்கட்டும், சரியான அளவைக் காட்டினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 50 ஆண்டு கடந்து, முதல் உருவம் மாறாத வண்டிகளுக்கென்று மத்திய சர்க்கார் 2021-ல் தனிப் பதிவு விதிகள் கொண்டுவந்தது. உருவத்துக்கு இருக்கும் மதிப்பு அதிலேயே தெரிகிறது. எனக்கு ரிப்பேர்தான் பிடிக்கிறது. மைல் கணக்கில் உள்ள ஸ்பீடாமீட்டரைக்கூட மாற்ற வேண்டாம். 40 மைல் என்றால் 64 கிலோமீட்டர் என்று டிரைவருக்குச் சொல்லி, கண்ணாடியில் ஒரு சிறு கோடு ஒட்டினால் போதும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும், சரிசெய்கிற சாக்கில் பின்னால் தள்ளக் கூடாது. அது ரிப்பேர் அல்ல, திருட்டு.

மாமாவின் மீட்டர் என்ன ஆயிற்று? உடைந்த வேறொரு மீட்டரின் குழாயும் குமிழும் கிடைத்தன. ஒரு கடிகாரக்காரர் குமிழை ஐஸிலும் உப்பிலும் புதைத்து, உள்ளே இருக்கும் ஈதர் பறக்காமல் குளிரவைத்துக்கொண்டு, குழாயை ஈயம் வைத்துப் பற்றினார். ஈதர் தீப்பிடிக்கும் சரக்கு. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

ஆனால் பரீட்சை எங்கள் வீட்டு அடுப்பங்கரையில்தான் நடந்தது. மாமா அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் குமிழை விட்டார். முள் மெல்ல எழுந்தது. 212 டிகிரிக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. பழைய கணக்கில் தண்ணீர் கொதிக்கும் சூடு அதுதான்.

"இறக்கி வைத்த தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். முள் சரியாகத்தான் சொல்கிறது" என்றார் அம்மா.