மிளகு வாங்க வந்தோர்

திருவனந்தபுரத்தின் வலியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பழைய காந்தளூர்ச்சாலை இப்பகுதியில்தான் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்குப் பெற்ற வெற்றியை முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. படையோடு வருபவரைப் பகைவர் என எவரும் உடனே அறிந்துகொள்வர்; வணிகத்தின் பெயரால் வருபவரை அவ்வாறு அறிவது அரிது. திருவிதாங்கூரின் பிற்கால வரலாறு இதனை விளக்குகிறது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரைக்கு மிளகு வாங்கவே வந்தனர். 1684ஆம் ஆண்டில் ஆற்றிங்கல் அரசி அவர்களுக்கு அஞ்சுதெங்கில் இடம் அளித்தார். வணிகத்திற்கெனப் பெற்ற அவ்விடத்தில் 1695ஆம் ஆண்டில் கோட்டை எழுந்து நின்றது. 1721ஆம் ஆண்டில் ஊர்மக்கள் சினந்தெழுந்து கம்பெனியாரைத் தாக்கினர். ஆயினும், கோட்டை வீழவில்லை, வணிகமும் நிற்கவில்லை.

திருவிதாங்கூர் வலிமையற்ற நாடு அன்று. 1741ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மரின் படை குளச்சலில் டச்சுக்காரரை வென்றது. அத்தகைய நாடு எவ்வாறு பிறருக்குக் கட்டுப்பட்டது? அச்சமே வாயிலைத் திறந்தது. மைசூர்ப் படையெடுப்பை அஞ்சிய மன்னர் தர்மராஜா, 1788ஆம் ஆண்டில் கம்பெனியின் இரு படைப்பிரிவுகளைத் தம் செலவில் எல்லையில் நிறுத்த இசைந்தார். மறு ஆண்டின் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். போர் முடிந்த பின்னரும் கம்பெனியின் பாதுகாப்பு நீங்கவில்லை. 1795ஆம் ஆண்டின் உடன்படிக்கையால், அதற்காக ஆண்டுதோறும் பணம் செலுத்துவது நாட்டின் நிலையான கடமையாயிற்று. அப்போது திவானாக இருந்தவர், வலியசாலையை அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவை உருவாக்கிய ராஜா கேசவதாஸ் ஆவார்.

1805ஆம் ஆண்டின் உடன்படிக்கை மேலும் கடுமையானது. ஆண்டுத்தொகை 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. உள்நாட்டு ஆட்சியிலும் கம்பெனியின் அறிவுரையைக் கேட்டு நடக்க வேண்டியதாயிற்று. அவ்வேளையில் தளவாயாக இருந்த வேலுத்தம்பியே, 1809ஆம் ஆண்டு சனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்துக் கம்பெனியை எதிர்த்தார். காலம் கடந்துவிட்டது. அவர் தோல்வியுற்று மண்ணடியில் உயிர் துறந்தார். 1811ஆம் ஆண்டில் கம்பெனியின் ரெசிடென்டான மன்றோவே திருவிதாங்கூரின் திவானாகவும் ஆனார். அரியணையில் அரச குடும்பத்தினரே இருந்தனர். ஆட்சியை நடத்தியவரோ அயலார்.

இத்தகைய நிகழ்வு உலகிற்குப் புதிதன்று. அந்த ஆங்கிலேயரின் தீவாகிய பிரித்தானியாவே முற்காலத்தில் உரோமருக்குச் சிறிது சிறிதாக அடிமைப்பட்டது. கி.மு. 55ஆம் ஆண்டிலும் மறு ஆண்டிலும் சீசர் அங்குச் சென்று மீண்டார். கி.பி. 43ஆம் ஆண்டில் பேரரசர் கிளாடியசின் படை நிலையாகத் தங்கியது. பிரித்தானியச் சிற்றரசர் சிலர் உரோமரின் நண்பராகித் தம் அரசைக் காக்க எண்ணினர். அவர்களுள் ஒருவரான பிரசுடாகசு இறந்தவுடன், உரோமர் அவர் நாட்டைக் கவர்ந்தனர். அவர் மனைவி பூடிக்கா வெகுண்டெழுந்து போரிட்டும் வெல்ல இயலவில்லை. வேலுத்தம்பியின் முடிவும் இதனை ஒத்ததே.

கம்பெனியின் துணையின்றித் திருவிதாங்கூர் பிழைத்திருக்க முடியாது என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. இடர் வந்தபோது துணை தேடுவது குற்றமன்று. ஆனால், இடர் நீங்கிய பின்னரும் அத்துணையையே நம்பி, அதன் விலை உயர உயரக் கொடுத்துக்கொண்டே இருந்தமைதான் கேடாயிற்று. ஒவ்வோர் உடன்படிக்கையும் தனியே நோக்கச் சிறிதாகவே தோன்றியது. சேர்த்துப் பார்க்கையில் ஒரு நாடே கைமாறியிருந்தது.

வேலுத்தம்பி பிறந்த தலக்குளமும், வெற்றி விளைந்த குளச்சலும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. ஆகவே, இவ்வரலாறு தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானது. இதனைக் கற்கும் மாணவர் போர்கள் நடந்த ஆண்டுகளை மட்டும் மனத்தில் கொள்ளுதல் போதாது. போர் இல்லாத ஆண்டுகளில் எழுதப்பட்ட உடன்படிக்கைகளையும் அவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.