சான்றிதழ் மிகுந்த அலுவலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அரசு அலுவலகத்தில் 32 வருஷம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற பாத்தியதையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம், குடும்ப ஓய்வூதியம் சம்பந்தமாக, கணவரை இழந்த அண்டை வீட்டு அம்மையாருக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். ஓய்வூதிய ஆணையிலேயே மனைவியின் பெயர் பதிவாகியிருக்க, மரணச் சான்றும் அடையாளச் சான்றும் கையிலிருக்க, வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் மனுவைத் தொடவே இயலாதென்று மேஜைக்கு அப்பாலிருந்த இளைஞர் மூன்றாம் முறையாகத் திருப்பியனுப்பினார். ஆணையின் பக்கத்தை விரித்துக் காட்டினேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் முன்னிருந்த கணினியிலோ, ஒலி அடக்கப்பட்ட காணொளி ஒன்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வினவியதில், கர்மயோகிப் பாடமாம். பொதுமக்களோடு பழகும் பாங்கைப் பற்றியதாம்!

2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அங்கீகரித்த ‘மிஷன் கர்மயோகி’, சுமார் 46 லட்சம் ஊழியர்களை உத்தேசித்து, ஐந்தாண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்ற திட்டம். ஒவ்வொரு பதவியின் பொறுப்பையும், அதன் காரியங்களையும், அவற்றுக்கு வேண்டிய திறனையும் தனித்தனியே வரையறுத்து, எவரிடம் எது குறைகிறதோ அதில் பயிற்சி அளிக்க வேண்டுமென்ற அதன் லட்சியத்தோடு எனக்கு விவாதமில்லை. என் ஆட்சேபமெல்லாம் அளவுகோலைப் பற்றியது. 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் கொண்டாடி, தலைக்கு நான்கு மணி நேரமாவது கற்க வேண்டுமென்று இலக்கு வகுத்தார்கள். மணிக்கணக்கும் சான்றிதழும் எண்ண எளியவை, ஆகவே எண்ணுகிறார்கள். அநாவசியமாகத் திருப்பப்பட்ட மனுக்களை எண்ணுவாரில்லை.

அந்த இளைஞரை நான் நோகேன். சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவரை இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த ஓய்வூதியப் பிரிவுக்கு மாற்றினார்களாம்; முன்னவர் ஒப்படைத்தது ஒரு சாவிக்கொத்தும், பீரோ நிறையக் கோப்புக் கட்டுகளுமே. எங்கள் நாளில், புதிதாக வந்தவனின் வரைவைச் சிவப்பு மையால் சின்னாபின்னமாக்கி, விதியின் எண்ணைச் சொல்லி மறுபடி எழுத வைக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். (அது பொற்காலமென்று சொல்ல வரவில்லை; அவர் எங்களைப் பற்றி ரகசிய அறிக்கையில் என்ன எழுதினார் என்பதை நாங்கள் அறிந்ததில்லை. ஆண்டறிக்கைக் குறிப்பு எதுவாயினும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டுமென்று தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2008-ல்தான்.)

கர்மயோகித் திட்டத்துக்கென அமைந்த திறன் வளர்ப்பு ஆணையத்தார், பிரிவு மாறும் ஊழியரை முதல் மாதமேனும் அப்பிரிவில் பழுத்த ஒருவரின் பக்கத்தில் உட்கார வைக்கவும், திருப்பப்பட்ட மனுக்களையும் திருப்பிய காரணத்தையும் ஆண்டு மதிப்பீட்டறிக்கையில் பதியவும் உத்தரவுக்கு வழி செய்வார்களாக. அந்த அம்மையார், தேவையில்லாத வாரிசுச் சான்றுக்காக, நேற்றும் தாலுகா அலுவலகத்துக்குப் போய் வந்தார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
தஞ்சாவூர்.