வாயைத் திறக்கச் சொல்வார் யார்?

நோயைப் பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு உரிமை ஏது என அன்பர்கள் வினவலாம். ஆசாரக்கோவை இயற்றிய பெருவாயின் முள்ளியார் பல் துலக்குதலையும் ஒழுக்கத்துள் ஒன்றாக வைத்தார். அந்நூலைக் கற்பிப்பவன் பல்லைப் பற்றிச் சில கூறுதல் பிழையாகாது.

ராகலையில் என் மாணவன் ஒருவனின் தாயார் கொழுந்தெடுப்பவர். நீரிழிவு கண்டு பத்தாண்டாகிறது. மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று இரத்தம் சோதித்து மாத்திரை வாங்க அவர் தவறியதில்லை. அதனால் இழந்த ‘பேர்’கள் பல. (பேர் என்பது எங்கள் மலையில் ஒருநாட் கூலி.) அண்மையிற் கண்டபோது முன்பற்கள் மூன்றைக் காணோம். “பூச்சி அரிச்சிருச்சுங்க சார்” என்றார். பூச்சி அன்று. அவை சொத்தையின்றி ஆடி ஆடித் தாமே விழுந்தவை. கிளினிக் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். சீனியின் அளவு பக்கம் பக்கமாக இருந்தது. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

குருதியிற் சீனி மிகுந்தால் வாய் உலரும், நுண்குழாய்கள் பழுதுறும், கிருமியோடு பொரும் வெள்ளணுக்கள் தளரும். பல்லடி அழுக்கிற் குடியேறும் கிருமிகளால் முரசும் (தமிழகத்தார் ஈறு என்பர்) அதன்கீழ் எலும்பும் அரிப்புண்ணும். பெரும்பாலும் வலி இராது, அதுவே வஞ்சகம். மறுபுறத்தைப் பலர் அறியார். முரசில் நெடுநாட் புகையும் அழற்சி, இன்சுலினின் தொழிலைக் கெடுத்துச் சீனியை மேலும் ஏற்றும். முரசு நோய்க்குச் சிகிச்சை செய்தாலோ மூன்றுமாதச் சராசரிச் சீனி ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதிலே மலையகத்தார் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1970 இல் ஹரால்ட் லோ என்னும் நோர்வே அறிஞரின் குழுவினர் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராயத் தொடங்கினர். இங்கு வந்த காரணம் யாது? பல் வைத்தியமே அறியாத மக்கள் என்பதுதான்! சிகிச்சை படாத நோய் தன்போக்கில் எவ்வாறு வளரும் எனப் பதினைந்தாண்டு பார்த்தனர். நூற்றுக்கு 8 பேருக்கு விரைந்தும், 81 பேருக்கு மெல்லவும் வளர்ந்தது. 11 பேருக்கு வளரவில்லை. 1986 இல் வெளியான அக்கட்டுரை உலகெங்கும் பல் மருத்துவர் அறிந்தது. அதே லோ 1993 இல், கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றின் கேடுகளோடு முரசு நோயையும் சேர்த்து, நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். எம்மவர் வாய் உலகுக்குப் பாடநூலாயிற்று. அப்பாடம் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லையே என்பதே என் மனக்குறை.

யான் வேண்டுவது பெரிதன்று. நீரிழிவுக்கு வருவோரின் வாயை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்கட்டும்; பல் வைத்தியரிடம் அனுப்புவதாயின் அதே நாளில் அனுப்பட்டும். இன்னொரு பேர் போகுமென்றால் எங்கள் பெண்கள் போகமாட்டார்கள்.

துலக்கும்போது இரத்தம் கண்டால் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர், அது தவறு. கரியும் செங்கற்றூளும் விடுத்து, மென்மையான தூரிகையால் இருவேளையும் துலக்குதல் வேண்டும். பல் பிடுங்கப் பட்டினியாய்ச் செல்வோரும் உளர். வைத்தியர் வேறு கூறாவிடின், உணவும் மாத்திரையும் உண்டே செல்க. நீரிழிவு உண்டென்று முதலிலேயே சொல்லுக.

அடுத்த கிளினிக் நாளில் மாணவனைத் தாயாருக்குத் துணையாக அனுப்புகிறேன். அம்மையார் கூச்சப்படுவார். “டொக்டர், அம்மாவின் வாயையும் பாருங்கள்” என்று கேட்பது அவன் பொறுப்பு.