ஓடாத ரைடரை மாத்தணுமா, ஓடாத வண்டியை மாத்தணுமா?

கிரிக்கெட் டீம்ல யாரை எடுக்கணும், யாரைத் தூக்கணும்னு கேட்டா நம்ம ஊர்ல டீக்கடைக்கு ஒரு செலக்‌ஷன் கமிட்டி இருக்கு. பைக் ரேஸ் பத்திப் பேசத்தான் ஆள் கிடைக்காது. இத்தனைக்கும் தாம்பரத்துல இருந்து வண்டலூர் போய் அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடிச்சா, இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒண்ணும் தூரமில்லை. இந்தியாவோட பைக் ரேஸர்கள்ல கணிசமான பேர் சென்னைப் பசங்க. அதனால இன்னைக்கு பதிவு ரேஸ் பத்தி. பிடிக்காதவங்க அப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

கேள்வி இதுதான். ஒரு ரேஸ் டீம்ல ஒரு ரைடர் ஓட்டறார். ரிசல்ட் வரலை. ஒவ்வொரு ரேஸும் கடைசி நாலு பேர்ல ஒருத்தரா வர்றார், இல்லேன்னா விழுந்துடறார். அவரைத் தூக்கிட்டு இன்னொருத்தரைப் போடலாமா, கூடாதா?

"இதுல என்னய்யா யோசிக்க இருக்கு, ஓடலைன்னா தூக்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க தான் அதிகம். அவசரப்படாதீங்க. முதல்ல நம்ம ஊர்க் கதை ஒண்ணு.

2011-ல சென்னைப் பையன் சரத் குமார் (நடிகர் இல்லீங்க!) 125சிசி உலக சாம்பியன்ஷிப்ல இறங்கினார். மோட்டோஜிபி நடக்கற அதே வார இறுதியில, அதே டிராக்ல நடக்கற போட்டி அது. அந்த லெவலுக்குப் போன முதல் இந்தியர். டீம் பேரு டபிள்யூடிஆர்-டென்10 ரேசிங். அதுல ஒரு பாதி சென்னைக்காரங்களோட முயற்சி. வண்டி அப்ரிலியா. வேகத்துல மத்தவங்களை விட ரொம்பவே பின்தங்கி இருந்தார். சில சுற்றுகளோட சரி, சீசனை அவர் முழுசா முடிக்கலை. மிச்சத்தை அந்த டீம் வேற ஆட்களை வெச்சு ஓட்டிச்சு.

"பார்த்தியா, நம்மாளுங்களுக்கு அந்த லெவல் வராது"ன்னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க பல பேர். ஆனா கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க.

அந்த 2011 ஆரம்பத்துல இந்தியாவுல நிரந்தர ரேஸ் டிராக் மொத்தமே ரெண்டு. இருங்காட்டுக்கோட்டை, அப்புறம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே. ரெண்டுமே தமிழ்நாடு. நொய்டா பக்கம் இருக்கற புத் சர்க்யூட் அந்த வருஷம் அக்டோபர்ல தான் திறந்தாங்க. அதாவது, நம்ம ஆளு ரெண்டே ரெண்டு டிராக் தெரிஞ்சு வளர்ந்தவர். அவர் கூட ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கற ஸ்பெயின், இத்தாலிப் பசங்க, பள்ளிக்கூடம் போற வயசுல இருந்தே மினி பைக்ல அந்த ஊர் டிராக் எல்லாம் சுத்தினவங்க.

அடுத்தது வண்டி. நம்ம தேசிய போட்டிகள்ல பசங்க ஓட்டினதெல்லாம் பெரும்பாலும் ரோட்டு வண்டியில இருந்து மாத்தின ஃபோர் ஸ்ட்ரோக். அங்கே கொடுத்தது ரேஸுக்குன்னே செஞ்ச டூ ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் 100 ஓட்டினவங்களுக்கு வித்தியாசம் கொஞ்சம் புரியும். பவர் ஒரு குறுகலான ஆர்பிஎம் அளவுக்குள்ள தான் இருக்கும், அதை விட்டு கீழே இறங்கினா வண்டி செத்துடும். ஆக்ஸிலரேட்டரை விட்டா எஞ்சின் பெருசா பிடிச்சு நிறுத்தாது. அதனால வளைவுக்குள்ள வேகத்தைக் குறைக்காம போறது தான் மொத்த வித்தையும். ஃபோர் ஸ்ட்ரோக்ல பழகின கை அதை எல்லாம் மறந்துட்டு புதுசா படிக்கணும்.

இதுக்கு மேல 107 சதவீத விதி வேற. முதல் ஆள் 100 வினாடியில ஒரு ரவுண்டு முடிச்சா, நீங்க 107 வினாடிக்குள்ள முடிச்சாகணும். இல்லேன்னா ரேஸ்ல நிக்கவே முடியாது. தெரியாத டிராக், தெரியாத வண்டி, பழக வெள்ளி சனி ரெண்டு நாள்ல சில மணி நேரம். இதை வெச்சு ஒரு ஆளோட திறமையை எடை போட முடியுமா? இன்னொரு வேடிக்கை, அந்த 125 பிரிவுக்கே 2011 தான் கடைசி வருஷம். 2012-ல இருந்து ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோ3 வந்துடுச்சு. கஷ்டப்பட்டு கத்துக்கிட்டிருந்தாலும் அடுத்த வருஷம் அந்த வித்தைக்கு வேலை இல்லை!

நம்ம ஐடி பாஷையில சொன்னா, கோபால் தெரிஞ்ச ஆளை ஜாவா ப்ராஜெக்ட்ல போட்டு, கேடி (அதாங்க, வேலையைக் கைமாத்திவிடறது) எதுவும் தராம, முதல் வாரமே புரொடக்‌ஷன் சப்போர்ட்டுக்கு உட்கார வெச்சுட்டு, மாசக் கடைசியில "பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை"ன்னு ரிலீஸ் பண்ற மாதிரி.

சரி, நம்ம ஆளுன்னு சப்பைக்கட்டு கட்டறேன்னு நினைப்பீங்க. உலக சாம்பியன்களுக்கே என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

ஹோர்ஹே லொரென்சோ. யமஹாவுல மூணு தடவை (2010, 2012, 2015) மோட்டோஜிபி சாம்பியன். 2017-ல டுகாட்டிக்குப் போனார். அந்த வருஷம் முழுக்க ஒரு ரேஸ் கூட ஜெயிக்கலை. 2018 ஆரம்பமும் அதே கதை. பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்கிக்க வண்டியோட பெட்ரோல் டேங்க் வடிவம் சரியா இல்லை, கை சீக்கிரம் ஓய்ஞ்சு போகுதுன்னு சொல்லிட்டே இருந்தார். கடைசியில மாத்தின டேங்க் முஜெல்லோ ரேஸுக்கு வந்துச்சு. ஜூன் 3-ந்தேதி, டுகாட்டியோட சொந்த ஊர் மாதிரி இருக்கற அந்த டிராக்லயே ஜெயிச்சார். அடுத்த பார்சிலோனா ரேஸும் அவருக்குத் தான். ஆகஸ்ட்ல ஆஸ்திரியாவும்.

ஆனா என்ன பிரயோஜனம்? முஜெல்லோவுல ஜெயிச்சு மூணே நாள்ல, அடுத்த வருஷம் அவர் இடத்துல பெட்ருச்சின்னு டுகாட்டி அறிவிச்சுடுச்சு. லொரென்சோ ஹோண்டாவுக்குன்னு அன்னைக்கே செய்தி. முடிவு முன்னாடியே ஆயிடுச்சு, டேங்க் தான் லேட்டா வந்துச்சு.

இதை விடக் கொடுமை அலெக்ஸ் மார்க்கேஸ் கதை. 2019 மோட்டோ2 சாம்பியன். 2020-ல ரெப்சோல் ஹோண்டாவுல, அண்ணன் மார்க் கூட சேர்ந்து ஓட்ட எடுத்தாங்க. கொரோனாவால சீசன் தள்ளிப் போச்சு. மோட்டோஜிபில முதல் ரேஸ் ஜூலை 19. ஜூலை 13-ந்தேதியே, அடுத்த வருஷம் அந்த சீட் போல் எஸ்பார்கரோவுக்கு, நீ எல்சிஆர் டீமுக்குப் போன்னு அறிவிப்பு! ஒரு ரேஸ் கூட ஓட்டலை சாமி. அப்புறம் என்னாச்சு? முதல் ரேஸ்லயே அண்ணன் கையை உடைச்சுக்கிட்டு சீசனை விட்டே போயிட்டார். அந்த வருஷம் ஹோண்டாவுக்கு ஒரு வெற்றி கூட இல்லை. கிடைச்ச போடியம் மொத்தம் ரெண்டு, லெ மான்ஸும் அரகோனும். ரெண்டுமே இந்தத் தம்பி வாங்கிக் கொடுத்தது. அந்த சீட்டுக்கு வந்த எஸ்பார்கரோ ரெண்டு வருஷம் ஓட்டியும் ஒரு ரேஸ் ஜெயிக்கலை. அலெக்ஸ் 2025-ல கிரெசினி டீமோட டுகாட்டியில மூணு ரேஸ் ஜெயிச்சு உலக வரிசையில ரெண்டாவதா வந்தார். ஆளை மாத்தினதால பிரச்சினை தீரலை. ஏன்னா பிரச்சினை ஆள் கிட்ட இல்லை, வண்டியில இருந்துச்சு.

அப்போ யாரையுமே மாத்தக் கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். அதே லொரென்சோவையே எடுத்துக்கங்க. 2019-ல ஹோண்டாவுல மார்க் மார்க்கேஸ் 420 புள்ளி எடுத்தார். பக்கத்து பாக்ஸ்ல லொரென்சோ எடுத்தது 28. நடுவுல அஸ்ஸென்ல விழுந்து முதுகெலும்புல அடி. அதுக்கப்புறம் அந்த வண்டி மேல அவருக்கு நம்பிக்கையே இல்லை, வருஷக் கடைசியில ஓய்வே அறிவிச்சுட்டார். 300 கிலோமீட்டர் வேகத்துல வண்டியை நம்பாத ஒருத்தரை "இன்னும் ஒரு சான்ஸ்"னு உட்கார வைக்கறது கருணை இல்லை, ஆபத்து. அங்கே விலகறது தான், விலக்கறது தான் சரி.

இன்னொரு நியாயமும் இருக்கு. ஒரு சீட்ல ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, வெளியில பத்து பசங்க காத்திருக்காங்க. அவங்களுக்கும் வயசாகுது, அவங்க அப்பாவும் டயருக்கும் ரிப்பேருக்கும் கடன் வாங்கிட்டு தான் இருக்கார். பொறுமைங்கற பேர்ல ஒருத்தருக்கே காலம் பூரா கொடுத்துட்டா அது மத்தவங்களுக்குப் பண்ற அநியாயம்.

இந்த ரெண்டு பக்கத்தையும் ஒரே ஆள் கிட்ட பார்க்கணும்னா தாய்லாந்தோட சோம்கியட் சந்த்ராவைப் பாருங்க. 2016 ஆசியா டேலண்ட் கப் சாம்பியன். 2019-ல ஹோண்டா டீம் ஆசியா அவரை மோட்டோ2-வுல இறக்கிச்சு. 2019, 2020, 2021, மூணு வருஷம் ஒரு போடியம் கூட கிடையாது. ஸ்பெயின், இத்தாலி டீமா இருந்தா எப்பவோ தூக்கியிருப்பாங்க. இவங்க தூக்கலை. 2022 மார்ச்ல இந்தோனேசியா மண்டலிகாவுல ஜெயிச்சார், கிராண்ட் பிரிக்ஸ் ஜெயிச்ச முதல் தாய்லாந்துக்காரர். பொறுமைக்குக் கிடைச்ச கூலி. அப்புறம் 2025-ல எல்சிஆர் ஹோண்டாவுல மோட்டோஜிபிக்கே போனார். அங்கே அடி மேல அடி, வருஷம் முழுக்க சேர்த்தும் ஒற்றை இலக்கப் புள்ளி தான். ஒரே சீசன்ல அந்த சீட் பிரேசிலோட டியோகோ மொரேராவுக்குப் போயிடுச்சு. கத்துக்கற இடத்துல மூணு வருஷம் கொடுத்தாங்க, உச்சிக்குப் போனதும் ஒரு வருஷம் தான். கடுப்பா இருந்தாலும் இந்த வித்தியாசத்தை என்னால புரிஞ்சுக்க முடியுது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப்ல 250சிசி பிரிவு இருக்கு, ஏபி250. இந்தோனேசியா, தாய்லாந்து பசங்களோட கோட்டை அது. அதுல ஹோண்டாவோட இந்திய டீம் 2018, 2019 ரெண்டு வருஷமும் சென்னைக்காரர் ராஜீவ் சேதுவை ஓட்ட வெச்சது. 2019-ல கூட வந்தவர் செந்தில் குமார், அவரும் சென்னை. கொரோனாவால 2020 சீசன் ஒரு சுற்றோட நின்னுச்சு, 2021 நடக்கவே இல்லை. 2022-ல மறுபடி அதே ரெண்டு பேர். அப்புறம் தான் டேலண்ட் கப்ல வளர்ந்த கவின் குவிண்டல், மொஹ்சின் மாதிரி சின்னப் பசங்களுக்கு வழி விட்டாங்க. இவங்க காலத்துல அங்கே வெற்றி எதுவும் வரலை. "இத்தனை வருஷம் ஏன் அவங்களையே ஓட்ட வெச்சீங்க"ன்னு கேட்டவங்க உண்டு. என் அபிப்ராயம், அவங்க செஞ்சது சரி. செபாங், புரிராம் மாதிரி டிராக்ல ஒரு வளைவுக்கு எங்கே பிரேக் பிடிக்கணும்னு தெரிஞ்ச இந்தியர்கள் அது வரைக்கும் எத்தனை பேர்? வருஷா வருஷம் ஆளை மாத்திட்டே இருந்தா, ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷமாவே இருக்கும்.

ப்ரூக்ஸ்னு ஒரு புண்ணியவான் 1975-லயே சொல்லிட்டார், லேட்டான ப்ராஜெக்ட்ல புது ஆளைச் சேர்த்தா அது இன்னும் லேட்டாகும்னு. ரேஸ் டீமுக்கும் அதே தான். சீசன் நடுவுல புதுசா வர்றவருக்கு சஸ்பென்ஷன் செட்டிங்ல இருந்து மெக்கானிக்கோட பேசற பாஷை வரைக்கும் எல்லாம் புதுசு.

என் கையில ஒரு டீம் இருந்தா (கனவு தானே, காசா பணமா), மூணு கேள்வி கேட்பேன்.

1. பக்கத்து பாக்ஸ்ல இருக்கறவருக்குக் கொடுத்த அதே வண்டி, அதே பாகங்கள், அதே பயிற்சி நேரம் இவருக்கும் கிடைச்சதா? இல்லைன்னா அங்கேயே நிறுத்து. முதல்ல அதைச் சரி பண்ணு.

2. போன வருஷம் இதே டிராக்ல இவரோட நேரம் என்ன, இந்த வருஷம் என்ன? வண்டியில இருக்கற டேட்டா லாகர் எல்லாத்தையும் சொல்லும். எங்கே பிரேக் பிடிச்சார், எங்கே ஆக்ஸிலரேட்டரைத் திறந்தார், எங்கே தயங்கினார்னு. பதினெட்டாவது இடத்துல வந்தாலும் ஒரு வினாடி குறைச்சிருந்தா அவர் கத்துக்கறார். பத்தாவது வந்தாலும் ரெண்டு வருஷமா அதே நேரம்னா அங்கே தேக்கம். லாக் பார்க்காம பக் யார் மேலன்னு முடிவு பண்ணக் கூடாது, இது நம்ம தொழில்ல பாலபாடம்.

3. அடி பட்டதுல இருந்து பயம் வந்துடுச்சா? ஆமான்னா, ரிசல்ட் என்னவா இருந்தாலும் வண்டியில இருந்து இறக்கு. சீசன் நடுவுல ஆளை மாத்தறதுக்கு நான் ஒத்துக்கற காரணம் இது ஒண்ணு தான்.

மத்தபடி எந்த முடிவா இருந்தாலும் சீசன் கடைசியில. என்ன அளவுகோல்னு சீசன் தொடங்கும்போதே ரைடர் கிட்டயும் அவங்க வீட்டுலயும் சொல்லிடணும். இது சலுகை இல்லை, குறைந்தபட்ச மரியாதை.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஸ்பெயின்ல ஒருத்தரைத் தூக்கினா அவர் போக வேற டீம் இருக்கு. அலெக்ஸுக்கு கிரெசினி கிடைச்சது. நம்ம பையனுக்கு எங்கே இருக்கு? ஹோண்டாவும் டிவிஎஸ்ஸும் மாதிரி கம்பெனி டீம்களை விட்டா கையை விட்டு எண்ணிடலாம். இங்கே ஒரு சீட் போச்சுன்னா பல பேருக்கு ரேஸே போச்சு. சரத் குமார் அதுக்கப்புறமும் விடாம, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஹோண்டா கொடுக்கற ஏசியா ட்ரீம் கப் வரைக்கும் போய் ஓட்டினார். எல்லாராலயும் அப்படி முடியாது. வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்ல ராத்திரி ஹெல்மெட் இல்லாம முறுக்கற பசங்க கிட்ட "டிராக்குக்கு வாடா, அங்கே வந்து ஓட்டு"ன்னு நாம சொல்றோம். வந்தா மூணு ரேஸ்ல தூக்கிடுவாங்கன்னா அவன் எதுக்கு வரணும்?

சாம்பியன்ஷிப் ஜெயிக்க நிக்கற டீம் அவசரப்படலாம், அது அவங்க வியாபாரம். முதல் ஆளை உருவாக்க நிக்கற டீம் அவசரப்பட்டா, விதை நெல்லை எடுத்து சோறு பொங்கின கதை தான்.

டிஸ்கி: "அப்போ உன் ப்ராஜெக்ட்லயும் யாரையும் தூக்கக் கூடாதா"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: அதே மூணு கேள்வி தான். மூணாவதுல மட்டும் அடிக்குப் பதிலா அப்ரைசல்னு மாத்திப் படிச்சுக்கங்க ;-)